தொண்டும் நித்திய கர்மமும்

பங்குனி மாதத்தில் மயிலாப்பூர் மாட வீதிகளில் அறுபத்து மூவர் உலா வருகிற தினத்தன்று, வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை, நீர்மோரும் பானகமும் புளியோதரையும் தொன்னை தொன்னையாக வழங்கப்படுவதைக் கண்டவர் எவரும், இந்த ஊர் ஜனங்களுக்குப் பரோபகார சிந்தை குறைவு என்று சொல்லத் துணியமாட்டார். வாங்குகிறவர் முகத்தைவிடக் கொடுக்கிறவர் முகத்தில் மலர்ச்சி அதிகமாகத் தெரியும். கொடுத்தது புண்ணியமாகத் தம் கணக்கில் சேரும் என்ற நம்பிக்கையும் அதில் கலந்திருக்கும். அதைக் குறைகூற நான் வரவில்லை. ஆயினும் உற்சவ தினத்து மனோபாவத்தோடு செய்யக்கூடாத தொண்டு ஒன்று உண்டு. அதைச் செய்ய முன்வருகிறவர்களில் பலர் அந்த மனோபாவத்தோடுதான் வருகிறார்கள், அது வடிந்ததும் போய்விடுகிறார்கள். முதுகுத் தண்டுவடத்தில் காயம் பட்டு, இடுப்புக்குக் கீழேயோ கழுத்துக்குக் கீழேயோ சரீரத்தின் உணர்வையும் இயக்கத்தையும் இழந்தவர்களுக்குத் துணை நிற்பதையே சொல்கிறேன். நம் முன்னோர் வகுத்த கர்மங்களில் அது எந்த வகையைச் சேர்ந்தது, அதற்குப் புண்ணியம் என்று ஒன்று உண்டா என்பதே இங்கு விசாரம்.

காயத்தின் தன்மையை அறியாமல் தர்மத்தைப் பேசுவது வீண். மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்படுவதாலோ, தென்னை மரத்திலிருந்தோ கட்டடச் சாரத்திலிருந்தோ விழுவதாலோ, ஆழமில்லாத தண்ணீரில் தலைகீழாகக் குதிப்பதாலோ, ஒரு கணத்தில் தண்டுவடம் நசுங்கிவிடுகிறது. பார்க்க வருகிறவர்கள் சக்கர நாற்காலியைக் கண்டு, ‘கால்கள் போய்விட்டன’ என்று வருந்துகிறார்கள்; உண்மையில் போனவற்றுள் கால்கள் ஒரு பகுதியே. நாமெல்லாம் நித்திரையில் நம்மை அறியாமலே புரண்டு படுக்கிறோம். உணர்வற்ற சரீரம் அப்படிப் புரளாது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே அகப்பட்ட தோலில் இரத்த ஓட்டம் நின்று, முதலில் சிவந்து, பிறகு புண்ணாகி, சில வேளைகளில் எலும்பு தெரியுமளவுக்குக் குழிந்து, ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஆதலால் படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். நாற்காலியில் இருப்பவர் கால்மணிக்கோ அரைமணிக்கோ ஒருமுறை தம் எடையைக் கைகளால் தூக்கியோ ஒருபுறம் சாய்ந்தோ மாற்றிக்கொள்ள வேண்டும். சிறுநீர் தானாகப் பிரியாது. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான குழாயை விட்டு வெளியேற்ற வேண்டும். மார்பின் நடுப்பகுதியிலோ அதற்கு மேலோ தண்டுவடத்தில் காயம் பட்டவருக்கு, நிரந்தரமாகப் பொருத்திய குழாய் ஒரு மடிப்பில் சிக்கி அடைத்துக்கொண்டால் போதும், இரத்த அழுத்தம் திடீரென்று ஏறித் தலை பிளப்பது போல வலிக்கும். உடனே அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, ஆடையைத் தளர்த்தி, குழாயின் அடைப்பைத் தேடி நீக்காவிடில் உயிருக்கே அபாயம். கழுத்தில் காயம் பட்டவருக்குச் சரீரத்தின் பெரும்பகுதியில் வியர்க்காது. சென்னையின் அக்கினி நட்சத்திர நாட்களில், மற்றவர்களுக்கு வெறும் அசௌகரியமான மின்வெட்டு அவருக்கு ஜுரம் போன்ற உஷ்ணத்தைக் கொண்டுவரும். ஈரத்துணியும் விசிறியும் அப்பொழுது மருந்துக்குச் சமானம்.

முதல் உலக யுத்தத்தில் இவ்விதம் காயம் பட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீரகத்தில் ஏறிய நச்சுக் கிருமிகளாலும் மாண்டார்கள். வைத்தியர்களும் அதை விதி என்றே ஏற்றிருந்தார்கள். 1944-ஆம் வருஷம், ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்த யூத வைத்தியரான லுட்விக் குட்மன், இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்தில் ஒரு சிகிச்சைப் பகுதியை ஏற்று நடத்த ஆரம்பித்தார். அவர் கையில் அற்புத மூலிகை ஏதும் இருக்கவில்லை. இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்புவது, சிறுநீர்ப்பையைச் சுத்தமாக வைப்பது, கைகளுக்கு வேலை கொடுப்பது; இவற்றை ஒரு தரங்கூடத் தவறவிடக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தார். நான்கு வருஷங்களுக்குப் பின், 1948 ஜூலை 29 அன்று, சாகப் பிறந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்தவர்களில் 16 பேர் அந்த ஆஸ்பத்திரிப் புல்வெளியில் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டியில் அம்பு எய்தார்கள். இன்றைய பாராலிம்பிக் பந்தயங்களின் ஆதி அதுவே. உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி 2021-இல் தண்டுவடக் காயத்தோடு வாழ்ந்தவர்கள் உலகில் ஒரு கோடியே ஐம்பது லட்சத்துக்கு மேல். அவர்கள் வாழ்வதற்குக் காரணம் பெரும்பாலும், தவறவிடாத இந்தச் சிறு காரியங்கள்தாம்.

இங்கேதான் மீமாம்சகர்களின் பாகுபாடு எனக்கு நினைவுக்கு வருகிறது. விதிக்கப்பட்ட கர்மங்களை அவர்கள் நித்தியம், நைமித்திகம், காம்யம் என்று பிரித்தார்கள். ஸ்வர்க்கம் வேண்டும், புத்திரன் வேண்டும், செல்வம் வேண்டும் என்று ஒரு பலனை நாடிச் செய்வது காம்யம். கிரகணம் போன்ற ஒரு நிமித்தம் நேரும்போது செய்வது நைமித்திகம். சந்தியாவந்தனம் போல நாள் தவறாமல் செய்தே தீர வேண்டியது நித்தியம். காம்ய கர்மத்தைச் செய்யாவிட்டால் பாபம் ஒன்றும் இல்லை, அதன் பலன் மட்டும் கிட்டாது. நித்திய கர்மத்தின் கதை நேர் எதிரானது: செய்தால் தனிப் பலன் என்று ஒன்றை எதிர்பார்ப்பதற்கில்லை, செய்யாவிட்டால் பிரத்தியவாயம் என்ற தோஷம் வந்து சேரும். பிள்ளையின் ஜன்ம தினத்தன்று ஓர் இல்லத்துக்குப் போய்ச் சாப்பாடு போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு வருவது காம்யம், அல்லது நைமித்திகம். நள்ளிரவு இரண்டு மணிக்கு எழுந்து ஒருவரை இடப்புறத்திலிருந்து வலப்புறமாகத் திருப்பி, முழங்கால்களுக்கு நடுவே தலையணையை வைத்துவிட்டுப் போவது நித்தியம். செய்ததன் பலன் என்று எடுத்துக்காட்ட மறுநாள் காலையில் ஒன்றும் இராது. தோல் நேற்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும், அவ்வளவே. செய்யாமல் தூங்கிப்போனாலோ, பிரத்தியவாயம் என்பது என்ன என்று விடிந்ததும் இடுப்பெலும்பின் மேல் சிவப்பாகக் காணலாம்.

இதற்கு ஓர் ஆட்சேபணை உண்டு. அதைச் சொன்னவர் சங்கரர். செய்யாமை என்பது ஓர் அபாவம். இல்லாத ஒன்றிலிருந்து பாபம் என்ற உள்ள பொருள் எப்படித் தோன்றும் என்று அவர் கேட்டார். ஏற்கெனவே சேர்ந்து கிடக்கும் பழைய பாபம் மேலே எழுந்து பலனளிப்பதற்குச் செய்யாமை ஓர் அடையாளமே தவிர, அதுவே காரணமன்று என்பது அவர் சமாதானம். கட்டிலின் அருகே நின்று பார்த்தால் இந்தச் சமாதானம் எவ்வளவு நுட்பமானது என்று விளங்கும். புண்ணை உண்டாக்குவது நம்முடைய சோம்பல் அல்ல. சரீரத்தின் கனமும் எலும்பின் கூர்மையும் இடைவிடாமல் தம் வேலையைச் செய்துகொண்டேயிருக்கின்றன, நாம் குறுக்கே நிற்காதபோது அவை வெல்கின்றன. ஆக, மீமாம்சகரின் கட்டளைக்கும் வேதாந்தியின் தர்க்கத்துக்கும் அனுஷ்டானத்தில் பேதம் இல்லை. இருவரும் இரண்டு மணிக்கு எழுந்துதான் ஆக வேண்டும். நித்திய கர்மத்தால் சித்தம் சுத்தியாகும் என்று வேதாந்திகள் சேர்த்துச் சொல்வார்கள். ஆகலாம். ஆனால் தன் சித்தம் சுத்தியாகிறதா என்று ஒவ்வொரு வாரமும் பார்த்துக்கொண்டு வருகிற தொண்டரிடம் குழாயை மாற்றும் பொறுப்பை நான் ஒப்படைக்கமாட்டேன்.

நித்தியம் என்றாலே ஜபமும் பூஜையுமே என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: கிருகஸ்தன் அன்றாடம் செய்ய வேண்டிய பஞ்ச மகா யக்ஞங்களுள் மனுஷ்ய யக்ஞமும் ஒன்று. காஞ்சி காமகோடி பீடத்துச் சந்திரசேகரேந்திர ஸரஸ்வதி சுவாமிகள் பிடி அரிசித் திட்டத்தை ஏற்படுத்தியபோது, விசேஷ தினத்தில் மூட்டையாகக் கொடுக்கச் சொல்லவில்லை. தினமும் உலை வைக்கும்முன் ஒரு பிடியை எடுத்து வைக்கச் சொன்னார். மயிலையிலும் மாம்பலத்திலும் பல வீடுகளில் அடுப்பங்கரை மூலையில் அதற்கென்று ஒரு பாத்திரம் இருந்தது. பிடியின் அளவு அற்பம். தினமும் என்பதில்தான் அதன் கனம் எல்லாம்.

இனி, வினை. ‘போன ஜன்மத்தில் என்ன பாபம் பண்ணினானோ’ என்று கட்டிலருகே நின்று, கட்டிலில் கிடப்பவனுக்குக் காது கேட்கும் என்பதையும் மறந்து, உறவினர்கள் பேசுவதுண்டு. கர்ம சித்தாந்தத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைத் தன்மையில் சொல்லலாமே தவிர, முன்னிலையிலோ படர்க்கையிலோ சொல்ல எவருக்கும் அதிகாரம் இல்லை என்பது என் துணிபு. குருபரம்பரைக் கதைகளில் இதற்கு ஓர் அழகிய திருஷ்டாந்தம் உண்டு. சோழன் சபையில் கண்களை இழந்து வந்த தம் சீடர் கூரத்தாழ்வானைக் கண்ட ராமானுஜர், தம் அபசாரத்தால் அல்லவா இப்படி நேர்ந்தது என்று உருகினார். ஆழ்வானோ, தாம் எப்போதோ ஒரு ஸ்ரீவைஷ்ணவரின் திருமண்காப்பு கோணலாயிருக்கிறதென்று நினைத்திருக்கக்கூடும், அதன் பலனே இது என்றார். இருவரும் வினையை ஒப்புக்கொண்டார்கள்; ஒவ்வொருவரும் அதைத் தம் தலையில் ஏற்றுக்கொண்டார்களே தவிர, மற்றவர் தலையில் வைக்கவில்லை. பின்பு காஞ்சிப் பேரருளாளனிடம் கண்ணை வேண்டச் சொன்னபோதும், ஆழ்வான் தமக்குக் கேடு விளைவித்த நாலூரானுக்கே நற்கதியை வேண்டினார் என்கிறார்கள்.

விவேகானந்தர் இதே விஷயத்தைச் சற்றுக் கடுமையாகக் கையாண்டார். 1897 பிப்ரவரியில் சென்னை ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் தங்கி, ஜனத்திரளுக்கு நடுவே பிரசங்கங்கள் செய்து, கல்கத்தா திரும்பிய சில தினங்களில், பசு ரக்ஷணைக்கு நிதி திரட்டும் பிரசாரகர் ஒருவர் அவரிடம் வந்தார். மத்திய இந்தியாவில் பஞ்சத்தால் மடிகிறவர்களுக்கு உங்கள் சபை என்ன செய்தது என்று சுவாமிகள் கேட்க, அது அந்த ஜனங்களுடைய கர்ம பலன் என்று பதில் வந்தது. அப்படியானால் பசுக்களும் தங்கள் கர்மத்தால்தானே கசாப்புக் கடைக்குப் போகின்றன, நாம் ஏன் தலையிட வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டார். கர்மத்தைக் காரணம் காட்டிக் கையைக் கட்டிக்கொள்கிறவனுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. அவ்வருஷமே அவர் அனுப்பி இங்கு வந்த ராமகிருஷ்ணானந்தர் தொடங்கிய மடம் மயிலாப்பூரில் இன்றும் சேவையை வழிபாட்டோடு சேர்த்தே நடத்திவருகிறது.

மயிலாப்பூரோடு பாரம்பரியமாகச் சம்பந்தப்படுத்திச் சொல்லப்படும் வள்ளுவர், பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஊர்பவனையும் ஒரு குறளில் சேர்த்து நிறுத்தினார். அறத்தின் பயனை இவ்விருவரையும் பார்த்தே அறியலாம் என்று பரிமேலழகர் உரை செய்தார்; அவர்களிடம் போய் அறத்தின் வழி இது என்று சொல்லாதே என்பதாகப் பொருள் கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். சேக்கிழார் சொல்லும் ஒரு சம்பவத்தின் முன் இந்த உரை வழக்கு தானே கரைந்துபோகிறது. திருப்பூந்துருத்திக்கு ஞானசம்பந்தர் முத்துச் சிவிகையில் வருகிறார். எண்பதை எட்டும் பிராயமுடைய திருநாவுக்கரசர், எவரும் அறியாமல் கூட்டத்தில் புகுந்து அந்தச் சிவிகையைத் தோளில் தாங்குகிறார். அப்பர் எங்கே என்று பாலகர் கேட்க, உம் அடிகளைத் தாங்கும் பேறு பெற்று இங்கே இருக்கிறேன் என்ற பொருள்பட விடை கீழிருந்து வருகிறது. சம்பந்தர் பதறி இறங்கி வணங்குகிறார். சுமந்தவர் தம்மைத் தாழ்ந்தவர் என்று கருதவில்லை, சுமக்கப்பட்டவர் தம்மை உயர்ந்தவர் என்று கருதவில்லை. யாருக்குப் புண்ணியம் அதிகம் என்று அந்தச் சந்நிதியில் கணக்குப் பார்ப்பவன் மூடன்.

சக்கர நாற்காலியின் பின்னால் நிற்கிற தொண்டர் இதிலிருந்து கற்க வேண்டியது மிகவும் சாமானியமானது. கேட்காமல் நாற்காலியைத் தள்ளக்கூடாது. அது அவருடைய சரீரத்தின் பகுதி. ‘இவருக்குக் காபி கொடுக்கலாமா?’ என்று கூட வந்தவரிடம் கேட்கக்கூடாது. அவரிடமே கேட்க வேண்டும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது எங்கே பிடிப்பது, எப்போது தூக்குவது என்பதற்கு உத்தரவு தூக்கப்படுகிறவரிடமிருந்து வர வேண்டும். பயிற்சி இல்லாமல் பக்தியின் வேகத்தில் ஒருவரை அக்குளில் கைகொடுத்து இழுத்தால் தோள்மூட்டு போய்விடும். மிச்சமிருக்கிற கைகளையும் அவர் இழக்க நேரும். வீட்டுக்கு வருகிற தொண்டருக்கு இன்னொன்றையும் சொல்வேன். அநேக வீடுகளில் இந்தப் பணி முழுவதும் ஒரு தாயின் மீதோ மனைவியின் மீதோ விழுந்துகிடக்கிறது; வருஷக்கணக்காக ஓர் இரவுகூட முழுதாகத் தூங்காதவர்கள் அவர்கள். நோன்புப் பிரசாதமும் ஆறுதல் வார்த்தையும் கொண்டுவருவதைவிட, ‘மாமி, இன்று ராத்திரி நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய்ப் படுங்கள்’ என்று சொல்லத் தகுதி பெற்று வருவது மேல். தகுதி என்றது, முன்னமே கற்றுக்கொண்டு வருவதை.

இதுகாறும் தொண்டு செய்கிறவன் எழுந்து நிற்பவன், ஏற்கிறவன் கிடப்பவன் என்பது போலவே எழுதிவந்தேன். அந்தப் பிரிவினை பொய். திருத்தொண்டத் தொகையிலேயே இடம் பெற்ற தண்டியடிகள் பிறவிக் குருடர். திருவாரூர்க் குளம் தூர்ந்து வருவதை அறிந்து தாமே தோண்டத் துணிந்தவர். குளத்தினுள்ளும் கரையிலும் கம்பங்களை நட்டு, இடையே கயிறு கட்டி, அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே மண் சுமந்து கொட்டினார் என்கிறது புராணம். கடைசியில் அவருக்குக் கண் கிடைத்தது என்பதையே நாம் விரும்பிக் கேட்கிறோம். எனக்கோ அந்தக் கயிறுதான் முக்கியமாகப் படுகிறது. கண் வருகிற வரையில் காத்திருக்கவில்லை, தம் தொண்டுக்கு வேண்டிய சாதனத்தைத் தாமே அமைத்துக்கொண்டார்.

தமிழ்நாட்டின் சமீப சரித்திரத்தில் இத்தகையவர்கள் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் வைத்தியரான மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தார். கைகளுக்குச் செய்யும் அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாமாதலால், டாக்டர் பால் பிராண்ட் தந்த ஊக்கத்தில், சக்கர நாற்காலியில் இருந்தே குஷ்டரோகிகளின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தினார். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் சிகிச்சை பெற்று, நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் என்பவரின் நிலையத்தில் பயின்று திரும்பி, வேலூரில் அவர் முன்னின்று உருவாக்கிய மறுவாழ்வு நிலையம் 1966-இல் திறக்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கடற்படை அதிகாரி தேர்வின்போது 1975-இல் கழுத்தில் அடிபட்ட எஸ். ராமகிருஷ்ணன், தமக்குச் சிகிச்சை செய்த விமானப்படை வைத்தியர் அமர்ஜித் சிங் சாஹல் பெயரால் 1981-இல் தம் ஊரான ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தார். தமிழ்நாட்டின் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கிய ப்ரீத்தி ஸ்ரீனிவாசன், 1998-இல் புதுச்சேரிக் கடற்கரையில் காயமுற்று, பிற்காலத்தில் திருவண்ணாமலையில் ‘சோல்ஃப்ரீ’ என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கித் தம்மைப் போன்றவர்களுக்கு உழைத்துவருகிறார். இவர்களைப் பார்த்து ‘அதிசயம்’ என்று கைகூப்பிவிட்டு நகர்வதும் ஒருவகைத் தப்பித்தலே. இவர்கள் ஒவ்வொருவரையும் யாரோ இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பினார்கள் என்பதை நினைத்தால் அதிசயம் சற்றே குறைந்து, நம் பொறுப்பு சற்றே அதிகரிக்கும்.

சென்னை இதில் முற்றிலும் பின்தங்கியது என்று சொல்வதற்கில்லை. கலைஞர் கருணாநிதி நகரில் அரசாங்கத்தின் மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. அடையாறுக்குப் பக்கத்தில், ஐ.ஐ.டி.யில், அமர்ந்திருப்பவர் தாமே எழுந்து நிற்க உதவும் ‘அரைஸ்’ என்ற சக்கர நாற்காலியை உருவாக்கி 2019-இல் வெளியிட்டார்கள். தியாகராய நகர் பாண்டி பஜாரில் அதே வருஷம் அகன்ற நடைபாதை வந்தது. மெரினாவில் சக்கர நாற்காலிகள் அலையோரம் வரை செல்ல, கால் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்துக்குப் பலகைப் பாதை அமைத்து, 2022 நவம்பரில் கோலாகலமாகத் திறந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துவிட்டது, பின்பு செப்பனிட்டார்கள். திறப்பு விழா காம்யம். ஆணி கழன்ற பலகையை அன்றாடம் பார்த்து அடித்து வைப்பது நித்தியம். முன்னதற்கு நம்மிடம் ஆள் பஞ்சம் வந்ததேயில்லை.

ஆகையால் இதை வாசிப்பவர்களுள் இத்தொண்டில் இறங்க எண்ணுகிறவர்கள் இருந்தால், என் விண்ணப்பம் இது. முதலில், உங்கள் சரீரத்தின் சௌகரியத்தையும் வீட்டின் நிலையையும் பார்த்து, வாரத்தில் ஒரு மணி நேரமாயினும் சரி, தவறாமல் தரக்கூடியது எவ்வளவு என்று நிச்சயித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வாக்களிக்காதீர்கள். பிசியோதெரபி தெரிந்தவரிடமோ நர்ஸிடமோ திருப்பவும் தூக்கவும் தோலைப் பார்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் லிஃப்டுக்கு முன்னே மூன்று படிகள் இருக்குமாயின், அடுத்த சங்கக் கூட்டத்தில் அங்கே ஒரு சாய்தளம் வேண்டும் என்று எழுத்து மூலமாகக் கொடுங்கள். பிறகு காயமுற்றவரிடமே போய், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எதற்காக வர வேண்டும் என்று கேளுங்கள். உங்களால் வர இயலாத நாளில் உங்களுக்குப் பதிலாக யார் வருவார் என்பதையும் அன்றே ஏற்பாடு செய்து, அவர் பெயரையும் சொல்லிவிட்டு வாருங்கள்.